வாளியோடு வந்தவளின் சொந்த ஊர்

சிலுவைமுனைப் பட்டினத்துப் பேருந்து நிறுத்தத்திற்கு எதிரே, கடற்கரைத் தெருவின் முதல் வீட்டில் வசித்து வந்தவரும், காலஞ்சென்ற கிறிஸ்தோபர் மச்சாது அவர்களின் மூத்த குமாரரும், கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் முப்பத்தோராண்டுகள் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்றவரும், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் எவர் முன்பும் கைகட்டி நில்லாமல் ஆங்கிலத்தைத் தாமாகவே கற்றுத் தேர்ந்தவருமான திரு. கி. இஞ்ஞாசி மச்சாது அவர்களுக்கு, இது நிகழ்ந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், வயது எழுபத்து மூன்று.

அவர் வீட்டு முன்சுவரில் ஆறடி நீளத்தில் ஒரு கரும்பலகை பதிக்கப்பட்டிருந்தது. ஐம்பத்திரண்டாம் ஆண்டு முதற்கொண்டு, ஒவ்வொரு நாளும் காலைப் பூசை முடிந்து வந்தவுடன், அவர் அதில் ஆங்கிலேயர் பேச்சில் வழங்கும் ஒரு மரபுத்தொடரை எழுதுவார். சொல்லுக்குச் சொல் பிரித்தால் ஒன்றும், சேர்த்துச் சொன்னால் வேறொன்றும் உணர்த்துகிற அந்தத் தொடரின் கீழே, 'பொருள்' என்று ஒரு வரியும், அதற்கும் கீழே 'பிறந்த கதை' என்று நான்கைந்து வரிகளும் தமிழில் எழுதுவார். மறுநாள் காலை அதை அழித்துவிட்டு அடுத்ததை எழுதுவார். முந்நூற்று அறுபத்தைந்து தொடர்கள் கொண்ட ஒரு நோட்டுப்புத்தகம் அவரிடம் இருந்தது. ஆண்டு முடிந்ததும் முதல் பக்கத்திற்குத் திரும்பிவிடுவார். ஆகையால் அவ்வூர் மக்கள், திருநாள்களை அறிவதுபோல, எந்த மாதத்தில் எந்தத் தொடர் வரும் என்பதையும் அறிந்திருந்தார்கள். ஏலக்கூடத்தில் மீன் விலையை வாய்தவறிச் சொல்லிவிட்டவனைப் பார்த்து, "பைக்குள்ள கெடந்த பூனைய அவுத்து விட்டுட்டியலே பாவி" என்று திட்டுகிற ஊர் அந்தக் கடற்கரையில் அது ஒன்றுதான்.

தொடர்களின் பொருள் முழுவதும் ஓர் அகராதியிலிருந்து எடுக்கப்பட்டது. மேலட்டையும் முதல் இருபது பக்கங்களும் இல்லாத அந்தப் பருத்த புத்தகத்தைக் கம்பெனி கழித்துப் போட்ட காகிதக் குவியலிலிருந்து அவர் மீட்டெடுத்திருந்தார். பிறந்த கதைகளும் பெரும்பாலும் அதிலிருந்தே வந்தன. ஆனால் சில தொடர்களின் கீழே அந்த அகராதி, கூச்சம் சிறிதுமின்றி, 'மூலம் அறியப்படவில்லை' என்று இரண்டே சொற்களில் கைவிரித்திருந்தது. அந்த இரண்டு சொற்களைப் பலகையில் எழுத இஞ்ஞாசியாருக்குக் கை வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் 'தெரியாது' என்று ஊரறிய எழுதினால், தொடர் பிறந்த கதை தெரியாது என்று எவரும் படிக்கமாட்டார்கள், இஞ்ஞாசிக்குத் தெரியாது என்றே படிப்பார்கள் என அவர் அஞ்சினார். ஆகவே அத்தகைய இடங்களில் அவர் சாக்பீஸைக் கையிலெடுத்து, சற்று நேரம் கடலைப் பார்த்து நின்றுவிட்டு, தாமே ஒரு கதையைப் பிறப்பித்து எழுதினார். அப்படிப் பிறந்தவை நோட்டுப்புத்தகத்தில் பத்தொன்பது. இதை அவரன்றி உலகில் ஒருவரும் அறியார்.

அந்த ஆண்டு பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள், முந்தின தினம் பலகையில் எழுதப்பட்டிருந்த பிறந்த கதை, காலை ஆறு நாற்பது திருச்செந்தூர்ப் பேருந்தில் வந்து இறங்கியது.

இறங்கியவர் சிவந்த முகமும் முழங்கால் வரையிலான காற்சட்டையும் உடைய ஒரு சந்தை வியாபாரி. அவர் தோளில் ஒரு சாக்குப்பை இருந்தது. பைக்குள் ஏதோ துள்ளிற்று. நடத்துநர் படியில் நின்றபடி, எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த சந்தியாகுவிடம் முறையிட்டார்.

"அண்ணாச்சி, இவரு எங்க ஏறுனாருன்னே தெரியல. டிக்கெட்டுன்னா பைய நீட்டுதாரு. பன்னிக்குட்டி வாங்கிக்கிடுங்காரு போல."

சந்தியாகு, இஞ்ஞாசியாரின் மறைந்த மனைவி பிரகாசியின் உடன்பிறந்த தம்பி. தம் கடையின் பெஞ்சிலிருந்தே பலகையைத் தினமும் வாசித்து வந்தவராதலால் அவருக்கு ஆள் அடையாளம் உடனே தெரிந்தது. "பன்னிக்குட்டி இல்லவே. உள்ள பூனை கெடக்கும். பைய அவுத்தா குட்டு வெளிப்பட்டுரும். நேத்து எங்க அத்தான் எழுதிப் போட்டாருல்லா, அந்த ஆளு" என்றார். பிறகு வியாபாரிக்கு ஒரு தேநீர் கொடுத்தார். வியாபாரி குடித்தார். ஊர் மக்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். நண்பகலில் ஒரு கிழவி துணிந்து பையின் வாயை அவிழ்த்துவிட, சாம்பல்நிறப் பூனை ஒன்று வெளியே குதித்து மீன் கூடைகளை நோக்கி ஓடியது. வியாபாரி முகம் வெளிறி, பிறகு பெருஞ்சுமை இறங்கியவர்போலச் சிரித்து, மாலை ஐந்தரைப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார். பூனை மட்டும் ஊரோடு தங்கிவிட்டது.

மறுநாள் பேருந்திலிருந்து, பற்களுக்கிடையே ஈயக்குண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு, காலில் கட்டுடன் ஒரு படைவீரன் இறங்கினான். வலியைப் பொறுத்துத் துணிதல் என்பது அத்தொடரின் பொருள். மயக்க மருந்து இல்லாத காலத்தில், அறுவையின்போது வீரனின் வாயில் குண்டைக் கொடுப்பார்கள் என்று அகராதி கூறியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சு வந்து புண்ணைக் கழுவி, மருந்திட்டு, "வாயத் தொறங்க சார், அதத் துப்புங்க, ஊசி போட்டாச்சு" என்று கையை நீட்ட, அவன் குண்டை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஒரு முழுநாள் தூங்கி எழுந்து போனான். மூன்றாவதாக வெள்ளை யானை வந்தது. அது பேருந்துக்குள் கொள்ளாததால் பின்னாலேயே நடந்து வந்தது. வீண்செலவு வைக்கிற பரிசு என்பது அதன் பொருளாதலாலும், பிடிக்காத பிரபுவை ஓட்டாண்டியாக்க ஓர் அரசன் அதைத் தானம் செய்வான் என்பது அதன் கதையாதலாலும், அது பொங்கலுக்கு மிஞ்சிய கரும்பு அத்தனையையும், கோயில் தோட்டத்து வாழைகளையும், சந்தியாகுவின் கடைக் கூரையில் பாதியையும் தின்றது. மாலையில் அது பேருந்தின் பின்னே திரும்பி நடந்தபோது ஊரே எல்லைவரை வந்து, தவறாமல் அனுப்பி வைத்தது.

இவ்வாறு நாளுக்கொருவராக அவர்கள் வரலானார்கள். ஊர்க்கமிட்டி கூடி, வருகிறவர்களுக்குத் தெருவாரியாக முறைவைத்துச் சோறு போடுவதென்று தீர்மானித்தது. பெண்கள் மாலையில் தண்ணீர் பிடிக்கப் போகும்போதே பலகையை வாசித்து, மறுநாள் உலைக்கு எத்தனை படி அரிசி என்று முடிவு செய்தார்கள். "நாளைக்கு வாரவரு மீன் திம்பாரா மாமா?" என்று வாசலில் நின்று கேட்டார்கள். பங்குனியில் ஒருநாள், தூக்குக்கயிறு சம்பந்தமான தொடர் ஒன்று வரவிருப்பதை நினைவில் வைத்திருந்த மூவர் வந்து, ஆலயத் திருநாள் சமயத்தில் அப்படிப்பட்ட விருந்தாளி வேண்டாமே என்று கேட்டுக்கொண்டதன்பேரில் அவர் அன்றைய பக்கத்தைத் தாண்டி எழுதினார். வந்தவர்கள் எவரும் பேசியதில்லை. பலகையில் எழுதப்பட்டது எதுவோ அதைச் செய்து காட்டி, செய்தபின் மனநிறைவோடு ஐந்தரைப் பேருந்தில் ஏறிப் போனார்கள். இஞ்ஞாசியாரோ, சலவை வேட்டி கட்டி, நிறுத்தத்தில் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றார். நாற்பத்தோராண்டு உழைப்புக்கு உலகம் நேரில் வந்து மரியாதை செய்வதாகவே அவருக்குப் பட்டது.

ஆனால் பங்குனிக்கு முன்பே, மாசியில் குடை பழுதுபார்ப்பவர் வந்து இறங்கியபோது, வரவேற்க அவர் எடுத்து வைத்த கால் பாதியில் நின்றுவிட்டது.

ஆங்கிலேயர், அடைமழை பெய்தால் பூனைகளும் நாய்களுமாகப் பெய்கிறது என்பார்கள். மூலம் அறியப்படவில்லை. இஞ்ஞாசியார் ஐம்பத்திரண்டில் எழுதியது இது: 'முன்னொரு காலத்தில் ஒரு நகரில், ஊசியில் நூல் கோத்துக் கோத்து ஒரு கண் சுருங்கிப்போன குடை பழுதுபார்ப்பவர் ஒருவர் இருந்தார். நாதியற்ற பூனைகளையும் நாய்களையும் தம் பரணில் வளர்த்து வந்தார். ஒரு பெருமழையில் கூரை இடிந்து, அவை யாவும் மழையோடு தெருவில் விழுந்தன.' வந்தவருக்கு ஒரு கண் சுருங்கியிருந்தது. கையில் ஊசி இருந்தது. மாலை ஐந்தரைப் பேருந்து வந்து, ஆறு முறை ஆரன் அடித்து, போய்விட்டது. அவர் ஏறவில்லை. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அறியாதவராய்ச் சாலையின் இரு முனைகளையும் மாறி மாறிப் பார்த்து, பிறகு இஞ்ஞாசியாரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இஞ்ஞாசியாருக்கு விளங்கிவிட்டது. அகராதியிலிருந்து வந்த மற்றவர்களுக்குத் திரும்பிப் போக ஓரிடம் இருந்தது. இவருக்கோ, 'ஒரு நகரில்' என்பதற்குமேல் ஒன்றும் எழுதப்படவில்லை.

"என்ன அத்தான், ஒம்ம ஆளு ஒருத்தரு மிச்சமாயிட்டாரு" என்றார் சந்தியாகு. "இவரு கதையில ஏதும் எழுதாம விட்டுட்டீரோ?"

"அகராதியில் உள்ளதைத்தான் எழுதினேன்" என்றார் இஞ்ஞாசியார், அச்சடித்த தமிழில். மனம் கலங்கும்போதெல்லாம் அவர் அப்படித்தான் பேசுவார்.

ஆண்டில் நாற்பது நாள் மட்டும் மழை காண்கிற ஊரில் குடைக்காரருக்கு என்ன வேலை என்று எவரும் கேட்கவில்லை. உப்பளத்துக்காரர்கள் அவரை அழைத்துப்போய், உப்புக் குவியல்களை மூடுகிற தார்ப்பாய்களைத் தைக்கச் சொன்னார்கள். அவர் தைத்த தையலில் ஒரு சொட்டு நீர் இறங்கவில்லை. தெருநாய்கள் அவர் பின்னால் திரிந்தன. சாம்பல்நிறப் பூனை அவர் மடியில் குடியேறிற்று. சித்திரையில் துணிக்காரர் வந்தார். ஒன்றை மிச்சமின்றி முழுமையாகச் செய்தலை 'ஒன்பது கஜமும்' என்று சொல்வார்கள். அதற்கும் மூலம் தெரியாது. கேட்பவர் யாராயினும் துண்டு போட மறுத்து முழு ஒன்பது கஜத்தையும் அளந்து கொடுத்த ஒரு துணி வியாபாரியை இஞ்ஞாசியார் படைத்திருந்தார். அவரும் போகவில்லை. அவர் கை ஓயாமல் அளந்துகொண்டேயிருந்தபடியால், வலைகளை அளந்து மடிக்கும் வேலையை மீனவர்கள் அவரிடம் ஒப்படைத்தார்கள். இப்படி ஆடி பிறப்பதற்குள் பத்துப் பேர் ஊரில் தங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தாய் இல்லை, பிள்ளைப்பருவம் இல்லை, சுரம் வந்த ஞாபகம் இல்லை. இஞ்ஞாசியார் எழுதிய நான்கைந்து வரிகளுக்கு அப்பால் அவர்களிடம் எதுவுமே இல்லை. ஆயினும் ஊர் அவர்களுக்குச் சட்டை கொடுத்தது, பாய் கொடுத்தது, திருநாளில் ஆலயத்து அசன விருந்து வரிசையில் இலை போட்டது.

இஞ்ஞாசியார் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஆகஸ்டு பதினொன்றாம் தேதிக்குரிய பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம் என்று எண்ணினார். தூக்குக்கயிற்றைத் தாண்டியவருக்கு இது முடியாதா? முடியும். ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு ஆகஸ்டு பதினொன்றிலும் அதை எழுதும்போது மட்டுமே அவர் சற்று மூச்சு விட்டு வந்தார். எழுதினார்.

கிக் தி பக்கெட். சொல்லுக்குச் சொல், வாளியை உதைத்தல். பொருள்: மரணமடைதல். பிறந்த கதை: 'ஒரு கிராமத்தில் ஒரு பெண் இருந்தாள். நோயுற்றிருந்த அவள் கணவன் உள்ளிருந்து தண்ணீர் கேட்டான். கைவேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். மூன்றாம் முறை அவன் கேட்கையில் ஓடினாள். நடையில் நிறைத்து வைத்திருந்த வாளியை அவள் காலே உதைத்துக் கவிழ்த்தது. மறுபடி நிரப்பி வருவதற்குள் அவன் உயிர் பிரிந்தது.'

மறுநாள் வியாழக்கிழமை, ஆறு நாற்பது பேருந்திலிருந்து அவள் இறங்கினாள். கையில் துத்தநாகத் தகட்டு வாளி, விளிம்புவரை தண்ணீர். வலக்கால் மட்டும் கணுக்கால்வரை நனைந்திருந்தது. ஆடிக்காற்றிலும் அது காயவில்லை. அடிமேல் அடி வைத்து, தன் பாதங்களையே பார்த்தபடி நடந்து, தெருவைக் கடந்து, இஞ்ஞாசியார் வீட்டு வாசற்படியில் வாளியை ஓசையின்றி வைத்துவிட்டு நின்றாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று முதல் அவள் தினமும் தெருக்குழாயில் வாளியை நிரப்பி, எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடந்தார்களோ அந்த வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோனாள். ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும் தண்ணீர் வருகிற அந்தக் குழாயடியில், ஒரு குடத்துக்காக ஒருவர் கூந்தலை ஒருவர் பற்றுகிற பெண்கள், அவளைக் கண்டதும் வழிவிட்டார்கள். "மதினி வாராவ, தள்ளுங்களா" என்றார்கள். மாலையில் கடைசி வாளி இஞ்ஞாசியார் வாசலுக்கு வரும். கதவு திறக்காது. இருட்டும்வரை நின்றுவிட்டுப் போவாள்.

சந்தியாகு ஒருநாள் மாலை தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் தட்டினார்.

"ஏன் அத்தான் அந்தப் பொம்பளைய வாசல்லயே நிறுத்துதீரு? ஒரு வாய் குடிச்சா என்ன கொறஞ்சா போவீரு?"

"எனக்குத் தாகமில்லை."

"என்னமோ போங்க. அவளப் பாத்தா எனக்கு எங்க அக்கா ஞாபகமாவே வருது. மூஞ்சி ஒண்ணும் அக்கா சாயல் இல்ல. ஆனாலும் வருது." தேநீரைத் திண்டில் வைத்தார். "நல்லவேள, அக்கா தூக்கத்துல போனா. ஒரு கஷ்டமும் இல்லாம. நீரு பக்கத்துலயே இருந்தீரு. அத நெனச்சுத்தான் நான் மனச ஆத்திக்கிடுதேன்."

இஞ்ஞாசியார் அந்தத் தேநீரைக் குடிக்கவில்லை. அதில் ஆடை படிந்து ஆறிப்போயிற்று.

ஆகஸ்டு பதினாறாம் தேதி தாலுகா ஆபீசிலிருந்து வருவாய் ஆய்வாளர் செண்பகவடிவு அம்மையார் ஸ்கூட்டரில் வந்தார். ஊரின் தலைக்கணக்கில் பதினொரு பேர் கூடுதலாக இருப்பது அவர் கவனத்திற்கு வந்திருந்தது. அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதில் அவருக்கு வியப்பேதும் இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பிறந்த ஊருக்குத்தான் கட்டம் இருந்தது.

"இவரு பொறந்த ஊரு?" என்றார், குடைக்காரரைக் காட்டி.

குடைக்காரர் இஞ்ஞாசியாரைப் பார்த்தார். பதினொரு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"இங்கிலாந்து" என்றார் இஞ்ஞாசியார்.

"அப்ப பாஸ்போர்ட் காட்டச் சொல்லுங்க அண்ணாச்சி."

"எப்படிக் காட்டுவாரு? அவரு பொறந்தப்ப பாஸ்போர்ட்டே கெடயாதே" என்றார் சந்தியாகு. கூட்டம் சிரித்தது.

செண்பகவடிவு அம்மையாரும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார். "நான் மேல பதில் சொல்லணும்லா. ஊரே இல்லாதவங்கள மாவட்ட முகாமுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. வார திங்கக்கிழமை பத்து மணிக்கு வேன் வரும். எனக்கு மட்டும் ஆசையா? போன வாரம் இந்த ஊர்ல இருக்க எங்க அம்மைக்கு அந்த மதினிதான் தண்ணி கொண்டு குடுத்துச்சு." படிவத்தைப் புரட்டினார். "ஒரு வழி உண்டு. இந்த ஊர்லதான் பொறந்தாங்கன்னா நான் தாமதப் பதிவு போட்டுருவேன். ஆனா சும்மா சொன்னாப் போதாது. பொறந்தப்ப பக்கத்துல இருந்த ஒருத்தரு, எந்தத் தேதி, எந்த வீடு, எப்படிப் பொறந்தாங்கன்னு விவரமா எழுதி, ஊர் பாக்க ஒட்டணும். ஆட்சேபணை இல்லன்னா முடிஞ்சு. யாரு இருக்கா அப்படி?"

யாரும் இல்லை என்று கூட்டம் கலைந்தது. இருந்த ஒருவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்.

சனிக்கிழமைவரை அவர் பலகையில் எழுதினார். அகராதிக் கதைகளே முறையாக வந்தன. வந்தவர்கள் மாலையில் போனார்கள். அவருடைய எண்ணமோ வேறெங்கோ சுற்றிற்று. உண்மையை எழுதினால், சாக்பீஸ் எழுத்து ஈரத்துணிக்கு அழிவதுபோல அந்தப் பதினொருவரும் அழிந்துபோவார்களோ என்று முதலில் அஞ்சினார். அழியாவிட்டாலும், நாற்பத்தோராண்டுப் பலகை ஒரு புளுகனின் பலகையாகிவிடும் என்று அடுத்து அஞ்சினார். அதையும் ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம் என்று சனிக்கிழமையன்று முடிவுக்கு வந்தபோது, மூன்றாவது அச்சம் எழுந்து நின்றது. பத்துப் பேருக்குத் தயக்கமின்றி எழுதிவிடலாம். அவர்கள் பிறந்தது அவருடைய கர்வத்தில், அவ்வளவே. பதினொன்றாமவள் எப்படிப் பிறந்தாள் என்று எழுதினால் சந்தியாகு வாசிப்பார். பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பார். அவளை மட்டும் விட்டுவிட்டால்? ஒருத்தி. வேனில் ஏறிப் போய்விடுவாள். வாசற்படி உலர்ந்துவிடும். ஞாயிறு மாலை அவர் கதவிடுக்கு வழியே பார்த்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் தளும்பாதிருக்க வாளியின் பிடியை இரு கைகளாலும் பற்றியிருந்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தாம் சுமக்கவேண்டியதை, ஊர்பேர் தெரியாத ஒரு பெண்ணின் கையில் கொடுத்து நிறுத்தி வைத்திருப்பதை அவர் கண்டார்.

திங்கட்கிழமை பூசைக்குப் போகாமல், ஆறு மணிக்கே பலகையை ஈரத்துணியால் துடைத்தார். நோட்டுப்புத்தகத்தை எடுக்கவில்லை. சிறிய எழுத்தில், மேல்விளிம்பிலிருந்து தொடங்கினார். குடைக்காரர் ஐம்பத்திரண்டாம் ஆண்டு மார்ச்சு மூன்றாம் தேதி இந்தப் பலகைக்கு முன் என்னால் பிறந்தார். அகராதியில் மூலம் அறியப்படவில்லை என்றிருந்தது. தெரியாது என்று எழுத வெட்கப்பட்டுப் பொய் எழுதினேன். துணிக்காரர் இன்ன ஆண்டு, இன்ன தேதி, அதுவும் பொய். இப்படிப் பத்துப் பேர். பலகையின் அடியில் ஒரு சாண் இடம் மிஞ்சியபோது ஆறு நாற்பது பேருந்து வந்து நின்றது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை. முந்தினநாள் அவர் எதுவும் எழுதியிருக்கவில்லை. கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்த சந்தியாகு கூப்பிட்டார்.

"என்ன அத்தான், இன்னைக்கு ராமாயணம் போல எழுதுதீரு? டீ ஆறுது."

"இதோ வந்துவிட்டேன், இரண்டு வரிதான்" என்றார் இஞ்ஞாசியார். சொன்ன வார்த்தை அவர் காதிலேயே திரும்ப வந்து விழுந்தது. அன்றைக்கும் இதே சொற்கள், இதே இடம். அவர் மண்டியிட்டு, அடி ஓரத்தில் எழுதினார்:

'வாளியோடு வந்த பெண், 1971 ஆகஸ்டு 9, திங்கட்கிழமை, இந்த வீட்டு நடையில் பிறந்தாள். என் மனைவி பிரகாசி சுரத்தில் கிடந்து மூன்று முறை தண்ணீர் கேட்டாள். நான் இந்தப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வரிதான் என்றேன். பிறகு ஓடியபோது நடையிலிருந்த வாளியை என் கால் உதைத்தது. வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. அடுத்த வீட்டிலிருந்து கொண்டுவருவதற்குள் இறந்தாள். தூக்கத்தில் இறந்தாள் என்று சொன்னது பொய். மூன்றாம் நாள் அதையே ஓர் ஆங்கிலப் பெண்மேல் ஏற்றி எழுதினேன். அவள் பிறந்த ஊர் இதுவே. இஞ்ஞாசி.'

எழுந்து நகர்ந்துகொண்டார். ஊர் வந்து வாசித்தது. மேற்பகுதியை வாசித்தவர்கள், "பத்தும் கதைதானா!" என்று சொல்லிக்கொண்டு, ஏமாற்றமோ கோபமோ இன்றி, குடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அழியாமல், பூனையைத் தடவியபடி அங்கேயே நின்றார். அடியோரத்தை வாசிக்கக் குனிந்தவர்கள் நிமிர்ந்து, பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். கடைசியாகச் சந்தியாகு வந்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, குனிய முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். எழுந்து போய், கழற்றிய கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக மீண்டும் செருகிக் கடையை அடைத்து, உள்ளே இருந்துகொண்டார்.

பத்து மணிக்கு வேனும் ஸ்கூட்டரும் வந்தன. செண்பகவடிவு அம்மையார் பலகையைப் பார்த்துப் படிவங்களை நிரப்பினார். அடியோரத்திற்கு வந்தபோது பேனா சற்று நின்று மறுபடி நகர்ந்தது. முடித்துவிட்டு எழுந்து, முறைப்படி உரக்கக் கேட்டார். "ஊராருக்கு ஆட்சேபணை உண்டா?"

கடையின் ஒரு பலகை விலகிற்று.

"உண்டு" என்றார் சந்தியாகு.

அவர் தெருவைக் கடந்து வந்தார். கண்கள் சிவந்திருந்தன. இஞ்ஞாசியாரைப் பாராமல் அம்மையாரிடம் பேசினார். "பத்துப் பேரப் பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. இந்தப் பொம்பளைக்கு விலாசம் இந்த வீடுன்னு போட்டுருக்கிய. அதுக்கு ஆட்சேபணை. தண்ணி கேட்டா குடுக்க ஆளில்லாத வீட்டுல அவ இருக்கமாட்டா. என் வீட்டு நம்பரப் போடுங்க. அப்புறம், பேரு போடல."

"எழுதிப் பெத்தவரு பேரே வைக்கலியே அண்ணாச்சி. நான் எதப் போட?"

சந்தியாகு அவளிடம் திரும்பினார். "ஏளா, ஒன் பேரு என்ன?"

வந்த நாளிலிருந்து ஒரு சொல்லும் பேசியிராத அவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவளின் பேச்சில் சொன்னாள்: "நீங்க எப்படிக் கூப்புடுதியளோ, அதாம் பேரு."

"பிரகாசின்னு போடுங்க" என்றார் சந்தியாகு. அதற்குப் பிறகுதான் இஞ்ஞாசியாரை ஏறிட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பார்வையில் கிடந்தன. "ஓய். இனிமே என் கடையில ஒமக்கு டீ கெடயாது. சாவுற வரைக்கும் கெடயாது." நின்றார். "தண்ணி கேட்டா தருவேன். மூணு தடவ கேக்கவேண்டாம்."

இஞ்ஞாசியார் அச்சடித்த தமிழில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாற்பத்தோராண்டில் சேர்த்த எந்தத் தொடரும் நாவுக்கு வரவில்லை. "தண்ணி தாடே, மாப்ள" என்றார்.

அவள்தான் முகந்து கொடுத்தாள். அவர் தெருவில், எல்லோர் முன்பும், நின்றபடியே குடித்தார். குடித்து முடித்தபோது அவளுடைய வலக்கால் உலர்ந்திருந்தது.

வேன் ஆளில்லாமல் திரும்பிப் போயிற்று. இஞ்ஞாசியார் பலகையை அழிக்கவில்லை. மறுநாளைக்கென்று ஒரு சிறு சிலேட்டை ஆணியில் மாட்டி, அகராதி கைவிரித்த ஒரு தொடரைத் தேடி எடுத்து, பொருளை எழுதி, பிறந்த கதை என்ற இடத்தில், வாழ்நாளில் முதன்முறையாக, 'தெரியாது' என்று எழுதினார். அடுத்த நாள் பேருந்திலிருந்து வேற்றாள் எவரும் இறங்கவில்லை. அதன்பின் வருகிறவர்கள் வரும் நாளில் வந்தார்கள்; வராத நாளில் ஊர் தன் வேலையைப் பார்த்தது; தினமும் காலையில் சந்தியாகு கடை பெஞ்சின் ஓரத்தில், ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும், கேட்பதற்கு முன்பே வந்து இருந்தது.

பதினொரு பேருக்கும் சிலுவைமுனைப் பட்டினமே பிறந்த ஊர் என்று பதிவாகி, இவ்விவகாரம் தீர்ந்த நாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இருபத்து மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால் மணி.